பன்னிரண்டாவது கில்ட்

ஸ்காட்லாந்துச் சிற்றூரான கில்டோரிக்கில் கண் உள்ளவர்கள் நிறையப் பேர், பார்க்கத் தெரிந்தவர் ஒருத்திதான் என்பது இஷ்பெல் நோபிளின் முடிவு. அந்த ஒருத்தி யார் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். கேட்டவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இருபத்தாறு வருடமாகக் கில்ட் தைக்கிறாள், அந்த நாட்டு ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை. இடுப்புப் பட்டையின் உள்பக்கம், தன் பெயர் போட்ட வெள்ளை நாடாவைத் தைத்த பிறகுதான் அவளுக்கு ஒரு கில்ட் முடிந்ததாக அர்த்தம். அந்த நாடா இல்லாமல் ஒன்றுகூட அவள் கடை வாசலைத் தாண்டியதில்லை. கல்யாணம் நான்கு வருடம் தாங்கியது. பெயர் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் போய்விட்டால் தனக்கென்று ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வருகிறவர்களோ, அடடா. ஒருவன் தன் வீட்டு சோபாவுக்குப் பொருந்தும் டார்ட்டன் கட்டத்துணி கேட்டான். இன்னொருவன் உள்ளங்கை அகலத் துணுக்கை விளக்கடியில் பார்த்துவிட்டு எட்டு கெஜத்துக்கும் தலையாட்டினான். இஷ்பெல் எல்லாரையும் வாசலுக்கு இழுத்துப் போவாள். மேகத்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் பச்சை பச்சையா என்று தெரியும். பார்த்துவிட்டு, உள்ளே பார்த்த மாதிரியேதான் இருக்கிறது என்பார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

இவர்களுக்கெல்லாம் மேலே ஹெக்டர் ஸ்ட்ரோனாக். முப்பது வருடம் ஆட்டுச் சந்தையில் ஏலம் கூவியவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, பிழைத்தார். ஓய்வுக்குப் பிறகு பேக்பைப் ஊதும் ஊர் இசைக்குழுவுக்குத் தலைவரானார், வெள்ளிப்பூண் கோலோடு முன்னால் நடக்கும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். குழுவுக்குப் புதுக் கில்ட் வேண்டும் என்று ஒரு நாள் வந்து நின்றார்.

இஷ்பெல் அந்த வட்டாரத்து டார்ட்டனை மூன்று சாயத்தில் விரித்தாள். கட்டம் ஒன்றுதான், நிறம்தான் வேறு. கரும்பச்சையும் கருநீலமுமாக அழுத்தமான புதுச்சாயம். வெளுத்த பச்சையும் வான நீலமுமாகப் பழஞ்சாயம். சேற்றில் கிடந்து எடுத்த மாதிரி பழுப்பேறிய வாடல்சாயம். ஹெக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் குடும்பம் நானூறு வருடப் பழைமை உள்ளது, ஆகவே பழஞ்சாயம் என்றார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. அது ஆலைக்காரன் விற்பதற்கு வைத்த பெயர் என்று அவள் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

ஒரே தடவை காய்ச்சிய சாயத்தில், ஒரே லாட்டில் எல்லாருக்கும் சேர்த்து வாங்குங்கள், ஒரு ஆளுக்கு மிச்சமும் வையுங்கள் என்று அவள் எழுதியே கொடுத்தாள். மேதை, தாமே ஆலைக்கு ஆர்டர் கொடுத்தார். பதினொரு பேருக்குத் துணி வந்து இறங்கியது. பின்னால் நடக்கிறவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் எண்ணியிருந்தார். முன்னால் நடக்கிறவரை எண்ணவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பன்னிரண்டாவது துணி வேறு லாட்டில் வந்தது. இஷ்பெல் இரண்டையும் வாசலில் பிடித்தாள். பழையது பாசிப் பச்சை, புதியது முட்டைக்கோஸ் பச்சை. ஹெக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஒரே நம்பர், ஒரே ஆலை. ரெண்டும் ஒண்ணுதான் இஷ்பெல். நீ சும்மா பெரிசு பண்ற" என்றார்.

போனவர் மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார். முதல் லாட்டிலிருந்து தனக்கு வெட்டிவிடலாமே, இந்தப் புதுத்துணியைக் கடைசி வரிசையில் நிற்கும் அந்த டிரம் அடிக்கிற பெண்ணுக்குக் கொடுத்துவிடலாமே என்று இழுத்தார்.

இஷ்பெல் கத்தரியைக் கீழே வைத்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்னு நேத்து சொன்னீங்க. அப்புறம் எதுக்கு மாத்தணும்?"

சந்தையில் யாரும் அவரை இப்படி மடக்கியதில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் தைத்தாள். வஞ்சனை இல்லாமல், மற்றப் பதினொன்றுக்கும் விழுந்த அதே மடிப்பு, அதே தையல். கடைசியில் நாடாவைக் கையில் எடுத்தவள், திரும்பப் பெட்டியில் போட்டாள். இருபத்தாறு வருடத்தில் முதல் முறை. ஊர் கூடிச் சிரிக்கும்போது தன் பெயர் அதில் இருக்கக் கூடாது.

குழு அணிவகுக்கும் ஊர் விளையாட்டு விழா அன்று நல்ல மேகம், அவள் விரும்பும் வெளிச்சம். முட்டைக்கோஸ் முன்னால் நடக்க, பாசி பின்னால் வந்தது. இஷ்பெல் வேலியோரம் நின்று சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவருக்கென்று தனி நிறம் கொடுத்திருப்பது எவ்வளவு நேர்த்தி என்று பண்ணை வீட்டுச் சீமாட்டி சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். எல்லாம் நம்ம யோசனைதான் என்று ஹெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். இஷ்பெலுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் யாருக்காகத் துணியை வாசல் வாசலாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை ஹெக்டர் கடைக்கு வந்தார். "எல்லாருக்கும் உன் பேரு வச்சுத் தச்சிருக்க, என்னுதுல மட்டும் காணோமே?"

"அதுல வைக்கிற மாதிரி இல்ல" என்றாள்.

அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். தம்முடையது நாடாவுக்குக்கூட மேற்பட்டதாம். பிறகு விஷயத்துக்கு வந்தார். விழாக் குழுவில் அவரைத் தவிரப் பதினொரு பேர். எல்லாருக்கும் அச்சு அசலாகத் தம் கில்டின் நிறத்திலேயே வேண்டும். தமக்குத்தான் இருக்கிறதே, ஆகவே பதினொன்று போதும்.

ஆலை இதற்கென்று புதிதாகச் சாயம் காய்ச்சும். அந்தப் பதினொன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், இவர் மறுபடியும் தனியாக நிற்பார். பழைய இஷ்பெல் என்றால் அவரை வாசலுக்கு இழுத்துப் போயிருப்பாள். இந்த இஷ்பெல் ஆர்டரை எழுதிக்கொண்டாள், சந்தோஷம் என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவர் போனதும் பெட்டியைத் திறந்து, பதினொரு நாடாக்களை எடுத்துத் தனியாக வைத்தாள்.