கோபம் சேர்த்து வைக்காத மோட்டார்

பாக் கிரெட் ஊர்ப் படித்துறையில் லம்யாய் நின்று பேசினால் எதிரே தீவில் இருப்பவர்களுக்குக் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். நீள்வால் படகுகள் டீசலில் அலறிக்கொண்டு போகிற ஆறு இது. இங்கே இடி விழுந்தாலே பாதிப் பேருக்குத் தெரியாது, இவள் தொண்டை எம்மாத்திரம்! ஆனால் சந்தோஷம் வந்து அவள் கத்தினால் தெருநாய்கள் எழுந்து ஓடும் என்பது உண்மை. அதற்குத் தெருவே சாட்சி.

அந்தச் சந்தோஷம் எதற்கு வரும் என்பதுதான் வேடிக்கை. முப்பத்தெட்டு வயதுப் பெண். பட்டுப் பாவாடைக்கோ லாட்டரிச் சீட்டுக்கோ அவள் அசைந்து கொடுக்கமாட்டாள். கரண்டைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப் திரையில் ஒரு மோட்டாரின் கரண்ட், சொன்ன அளவுக்கு விறுவிறுவென்று ஏறி, ஏறின இடத்தில் ஆடாமல் அசையாமல் நின்றால் போதும். "பாருங்க, பாருங்க! எப்படி நிக்குதுன்னு பாருங்க!" என்று யார் கை கிடைக்கிறதோ அதைப் பிடித்து உலுக்குவாள்.

படித்தது டிப்ளமோ. பதினொரு வருஷம் சோன்புரியில் வாஷிங் மெஷின் தொழிற்சாலையில் மோட்டார் போர்டுகளைச் சோதித்து அனுப்புகிற வேலை. பட்டம் வாங்கின பையன்கள் வருவார்கள், இவளிடம் வேலை கற்றுக்கொள்வார்கள், ஆறே மாதத்தில் இவளுக்கே மேலதிகாரி ஆவார்கள். கடைசியாக வந்தவன், "அக்கா, அந்த ஸ்கோப்பைத் துடைச்சு வச்சிடுங்க" என்றான். துடைத்து வைத்தாள். அதன் மேலேயே ராஜினாமாக் கடிதத்தையும் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் பாக் கிரெட்டில் இருக்கும் இந்த மூன்று அறைப் பட்டறை. படகுகளுக்கு மின்சார மோட்டாரும், அந்த மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோலரும் செய்கிறார்கள். முதலாளி வொராவுத் முனைவர் பட்டம் வாங்கியவர், தங்கமான மனிதர். ஒரே குறை, ஆற்றங்கரையில் தொழில் நடத்திக்கொண்டு படகில் மட்டும் ஏறமாட்டார். தண்ணீரைக் கண்டால் பயம்.

இந்தப் பட்டறைக்குத்தான் ஒருநாள் பிரயூன் வந்தார். பத்தொன்பது வருஷமாகத் தீவிலிருந்து நாற்பத்தொரு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு வரும் படகுக்காரர். மேஜை மேல் மோட்டாரைச் சுற்றவிட்டுக் காட்டினாள் லம்யாய். "சத்தமே இல்லை பாருங்க மாமா! பிள்ளைங்களுக்குத் தலைவலி வராது. புகை இல்லை. நான் பொறுப்பு!"

அவள் 'நான் பொறுப்பு' என்று சொன்னதை நம்பி மனுஷன் மறுவாரமே டீசல் எஞ்சினை விற்றுவிட்டார். கோடை விடுமுறையில் மின்சார மோட்டாரைப் பொருத்தி, சந்தைக்குப் போகிறவர்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். மூன்று வாரமாகத் தினம் ஒன்பது தடவை நடு ஆற்றில் நின்றது.

மோட்டாரில் பழுது இல்லை, பேட்டரியிலும் இல்லை. பழுதெல்லாம் பிரயூனின் கையில்தான் என்றார் வொராவுத். நீள்வால் படகு ஓட்டுகிறவன் கை சும்மா இருக்குமா? கைப்பிடியை ஒரு அமுக்கு அமுக்கினால் நீளக் கம்பியின் மறுமுனையில் சுழல்கிற விசிறி தண்ணீரைவிட்டு மேலே எழும்பும். ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டால் தூக்குவார்கள், படகை நிறுத்தத் தூக்குவார்கள், கரையில் மைத்துனன் நின்றால் அவன் பார்க்கவும் தூக்குவார்கள். பிறகு தொப்பென்று உள்ளே போடுவார்கள். டீசல் அதற்கெல்லாம் கொஞ்சம் முக்கிவிட்டு ஓடிவிடும். இங்கேயோ, விசிறி தண்ணீரில் விழுந்த கணமே கரண்ட் எகிறும். கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்டென்று அணைந்துவிடும். படகு நட்ட நடு ஆற்றில் கட்டை மாதிரி மிதக்கும்.

"ஒரு ஸ்விட்ச் வச்சிடலாம். தூக்கினா கரண்ட் நிக்கும், உள்ள போட்டு மூணு செகண்ட் கழிச்சு மறுபடி வரும்" என்றார் வொராவுத்.

"மூணு செகண்டா?" பிரயூன் சிரிக்கவில்லை. "நீங்க மேஜை மேல படகு ஓட்டுறீங்க தம்பி. ஆத்துல மூணு செகண்ட்ல மணல் படகு என் மூக்கு மேல வந்து நிக்கும்."

விஷயம் படித்துறை மேற்பார்வையாளரிடம் போயிற்று. அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை காலை பத்துத் தடவை ஆற்றைக் கடக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் நடுவில் தூக்கிப் போட வேண்டும், ஒருமுறைகூட நிற்கக்கூடாது. நின்றால், திங்கட்கிழமை பள்ளி திறக்கும்போது நாற்பத்தொரு பிள்ளைகளும் வேறு படகில்.

பிரயூன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எஞ்சினை வித்துட்டேனேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். லம்யாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

படகிலேயே லேப்டாப்பை வைத்துக் கரண்டைப் பதிவு செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான். விசிறி மேலே இருக்கும்போது மோட்டார் கட்டவிழ்த்துக்கொண்டு சுற்றுகிறது. அந்த வேகத்தில் கேட்ட கரண்ட் உள்ளே ஏறவில்லை. ஏறாத ஒவ்வொரு துளியையும் கன்ட்ரோலர் குறை என்று குறித்து, கூட்டிக் கூட்டி வைத்துக்கொள்கிறது. விசிறி தண்ணீரில் விழுந்து வேகம் சட்டென்று குறைந்ததும், சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே கொட்டாகக் கொட்டிவிடுகிறது.

"இந்தக் கன்ட்ரோலர் அப்படியே என் பழைய புருஷன் சார்!" என்று மேஜையைத் தட்டினாள் லம்யாய். "அவனும் இப்படித்தான். ஒவ்வொரு குறையா உள்ள சேர்த்து வச்சுக்கிட்டே இருப்பான், ஒரு வார்த்தை பேசமாட்டான். என்னைக்கோ ஒருநாள் மீன் கறியில புளி கம்மின்னு ஆரம்பிச்சு ஆறு வருஷத்தையும் கொட்டுவான். வீடே டிரிப் ஆயிடும்!"

வொராவுத் சிரித்துவிட்டார். "சேர்த்து வைக்கிறதுக்கு ஒரு எல்லை போட்டோமே?"

"போட்டோம். பத்துக்கு அஞ்சு தடவை நிக்குது. மேற்பார்வையாளர் அஞ்சுக்கு ஒத்துக்குவாரா? சார், சேர்த்தே வைக்காத ஆளைப் போடலாம். முன்கூட்டிக் கணிக்கிற முறை."

அந்த முறையில் பழைய கணக்கே கிடையாது. ஒரு செகண்டை இருபத்தையாயிரம் துண்டாக நறுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டிலும், இப்போது கரண்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கன்ட்ரோலருக்குள் ஜோடி ஜோடியாக இருக்கும் ஆறு ஸ்விட்ச்சையும் எட்டு விதமாகத்தான் போட முடியும்; எந்த விதம் போட்டால் அடுத்த நொடித்துண்டில் கரண்ட் எங்கே போய் நிற்கும் என்று எட்டுக்கும் கணக்குப் போட வேண்டும். எல்லை மீறுகிறதைத் தள்ளிவிட்டு, வேண்டிய இடத்துக்குக் கிட்டத்தில் போகிறதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அத்தோடு எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

"கட்டுரையில படிக்க நல்லாத்தான் இருக்கும் லம்யாய். நாலு நாள்ல படகுல ஏத்த முடியுமா?"

"கட்டுரையா! ரெண்டு வருஷமா என் ரூம்ல துணி துவைக்குது சார்!"

நிஜமாகவே துவைத்துக்கொண்டிருந்தது. வாடகை அறையில் பழைய வாஷிங் மெஷின் ஒன்றைப் பிரித்து, தானே எழுதிய கன்ட்ரோலரை அதில் மாட்டி வைத்திருந்தாள். இது தெரிந்ததும் வொராவுத் நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டார். "இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

புதன்கிழமை மத்தியானம் அதைப் படகு மோட்டாரில் ஏற்றிச் சுற்றவிட்டார்கள். குளிர்காய்ச்சல் கண்டவன் போல மோட்டார் உதறியது. திரையில் கரண்ட் கோடு மேலும் கீழுமாகக் குதித்தது. அதே நிரல், அதே கணக்கு. வீட்டில் துணி துவைக்கிறது, இங்கே தாண்டவமாடுகிறது. ராத்திரியும் பகலும் வரி வரியாகப் பார்த்தாள். ஒரு தப்பும் அகப்படவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், லம்யாயும் பிரயூனும் ஆற்றில் மோட்டாரை இன்னொரு தடவை உதறவைத்துப் பார்த்துவிட்டு, துடுப்புப் போட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மிதவை மேடை அலையில் ஆடிக்கொண்டிருந்தது. படகு தொடுவதற்கு முன்னாலேயே காலை நீட்டி மேடையில் ஏறுவது இங்கே குழந்தைகளுக்குக்கூடக் கைவந்த பழக்கம். லம்யாய் மேடையைப் பார்த்தாள், மனசு முழுக்கக் கணக்கு ஓடியது, பிறகு காலை வைத்தாள். அவள் பார்த்தபோது மேடை இருந்த இடத்தில் கால் வைக்கும்போது மேடை இல்லை. தொபுக்கடீர்!

"ஐயையோ, லம்யாய்!" பிரயூன் துடுப்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்.

தலையில் ஆகாயத்தாமரையோடு மேலே வந்தாள். மூக்கால் தண்ணீர் கொட்டியது. "ரெண்டு துண்டு மாமா! ரெண்டு!"

"என்ன ரெண்டு? தலையில அடிபட்டுடுச்சா? கையைக் குடு புள்ள!"

"பார்த்தது ஒரு நேரம், வச்சது ஒரு நேரம்! கணக்குப் போடவே ஒரு துண்டு செலவாகுது மாமா! போட்டு முடிச்சுக் காலை வைக்கும்போது கரண்ட் அந்த இடத்துல இல்லை! ஒண்ணு தள்ளிக் கணக்குப் போடணும்!"

கரையில் பன்றி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தவள் கைவிசிறி வீசுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். லம்யாய்க்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வாஷிங் மெஷின் மோட்டாரில் கரண்ட் சோம்பேறி, மெதுவாகத்தான் மாறும். ஒரு துண்டு பிந்தினாலும் அங்கேயேதான் இருக்கும். படகு மோட்டாரில் அது துள்ளுகிற மீன். இப்போது கரண்ட் இருக்கும் இடத்திலிருந்து கணக்குப் போட்டால் எப்போதும் ஆற்றில்தான் விழ வேண்டும். இந்தத் துண்டு முடியும்போது எங்கே இருக்கும் என்று முதலில் கணித்து, அங்கிருந்து அதற்கடுத்த துண்டுக்கு எட்டு வழியும் பார்க்க வேண்டும். ஈரத்துணியோடு பட்டறைக்கு ஓடினாள். பதினாலு வரி மாற்றினாள். மோட்டாரைப் போட்டதும் கோடு ஏறியது, நின்றது. நாய்கள் ஓடின.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளின் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார் பிரயூன். மேற்பார்வையாளர் நோட்டோடு நடுப்பலகையில் உட்கார்ந்தார். லம்யாய் லேப்டாப்பை மடியில் இறுக்கிக்கொண்டு முன்பக்கம். வொராவுத் கரையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

முதல் நடை. நடு ஆற்றில் பிரயூன் தூக்கினார். விசிறி வெயிலில் பளபளவென்று சுற்றியது. தொப்! கரண்ட் ஏறி, எல்லைக் கோட்டில் தலை முட்டாமல் அப்படியே நின்றது. படகு முன்னால் பாய்ந்தது. "நிக்குது, நிக்குது, கோடு நிக்குது!" என்று குதித்தாள் லம்யாய்.

"படகு நிக்குதா?" என்று பதறினார் மேற்பார்வையாளர்.

"படகு ஓடுது! கோடு நிக்குது!"

இரண்டு. மூன்று. ஆறாவதில் பிரயூனுக்கே தைரியம் வந்து இரண்டு தடவை தூக்கிப் போட்டார். ஒன்பதாவதில் ஒரு கையால் தூக்கிக்கொண்டே மறுகையால் வெற்றிலையை வாயில் போட்டார். கரையில் மற்றப் படகுக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

பத்தாவது நடையில் மேலாற்றிலிருந்து இழுவைப் படகொன்று வந்தது. பின்னால் நான்கு மணல் படகுகள், ஒவ்வொன்றும் ஒரு வீடு பெரிசு. திரும்பலாம் என்று பார்த்தால் ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்று விசிறியில் சுற்றிக்கொண்டது. பிரயூன் தூக்கினார், உதறினார், உள்ளே போட்டார். அதே நேரம் இழுவைப் படகு சங்கை ஊதியது. காதே அடைத்துப்போயிற்று.

"செத்துடுச்சு!" என்று அலறினார் பிரயூன். மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் அவர் காதில் விழவில்லை. பத்தொன்பது வருஷ டீசல் பழக்கம். சத்தம் இல்லையென்றால் எஞ்சின் செத்துவிட்டது. "போச்சு, எல்லாம் போச்சு!" கைப்பிடியை விட்டுவிட்டுத் துடுப்பைத் தேடிக் குனிந்தார். படகு தன்பாட்டுக்கு வளைந்து மணல் படகை நோக்கித் திரும்பியது.

லம்யாய் திரையைப் பார்த்தாள். கோடு நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது. "சாகல மாமா! ஓடுது! பிடிங்க!" அவர் நிமிர்வதற்குள் மூட்டைகள் மேல் விழுந்து புரண்டு அவளே கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள். உள்ளங்கையில் மோட்டாரின் இழுப்பு தெரிந்தது. பிரயூனும் மேலே விழுந்து பிடித்தார். மணல் படகின் மூக்கு இரண்டு கை தூரத்தில் கடந்து போயிற்று.

படகு கரை சேர்ந்தது. மேற்பார்வையாளரின் முகம் வெளுத்திருந்தது. நோட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "மோட்டார் நிக்கலையே?"

"நிக்கல" என்றாள் லம்யாய்.

"அப்ப பத்து" என்று எழுதினார். "ஆனா திங்கட்கிழமையிலிருந்து கைப்பிடியை விட்டீங்கன்னா, பிரயூன், நானே உங்களைத் தண்ணியில தள்ளுவேன்." பிரயூன் இரண்டு கையையும் கூப்பி நெற்றிக்குக் கொண்டுபோனார். கும்பிட்டது அவரையா மோட்டாரையா என்று தெரியவில்லை. வொராவுத் ஓடிவந்தார், முழங்கால்வரை தண்ணீரில் நிற்பது அவருக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு லம்யாயின் போன் அடித்தது. பிரயூன். நடு ஆற்றில் இருக்க வேண்டிய நேரம். பாய்ந்து எடுத்தாள். "என்ன மாமா? நின்னுடுச்சா?"

"நிக்கல. ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் பிரயூன், ரகசியம் பேசுகிற குரலில். "புள்ள, ஒரு விஷயம். பத்தொன்பது வருஷமா நான் 'உக்காருங்க, கையை உள்ள வைங்க'ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு வந்தேன்ல?"

"ஆமா?"

"ஒண்ணுகூட இதுங்க காதுல விழுந்ததே இல்லையாம்! எஞ்சின் சத்தத்துல என் வாய் திறந்து மூடுறது மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. அதனால எனக்குத் தவளைத் தாத்தான்னு பேரு. இதுங்க அப்பன் காலத்துலேருந்து அதான் பேராம். இன்னைக்குத்தான் என் காதுல விழுந்துது."

லம்யாய் வாயைப் பொத்திக்கொண்டாள். "கோவமா மாமா?"

"கோவமா! இன்னைக்குச் சாதாரணமாச் சொன்னேன், உக்காருங்கடான்னு. மெதுவாத்தான் சொன்னேன். நாப்பத்தொண்ணும் உக்காந்துடுச்சும்மா."

பின்னால் ஒரு சின்னக் குரல், ஆற்றுக்கு நடுவிலிருந்து, தெளிவாகக் கேட்டது: "தவளைத் தாத்தா, யாருகிட்டப் பேசுறீங்க?"

"கேட்டியா?" என்றார் பிரயூன்.

"கேட்டுது மாமா. நல்லாவே கேட்டுது" என்றாள் லம்யாய்.