எடுக்கச் சொன்ன பத்தி

அண்ணா, நீ எடுக்கச் சொன்னதை நான் எடுக்கவில்லை.

ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, ‘மழைக்காடுகளைக் காப்போம்’. கேட்பவர்கள் மனசு மாறும்படி எழுத வேண்டும், ஆண்டு விழாவில் எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். நான் மழைக்காட்டைப் பார்த்ததில்லை. பக்கத்து மலையில் அமிர்திக் காட்டுக்கு ஒருமுறை போனபோது அருவியில் தண்ணீரே இல்லை. இருந்தாலும் ‘வானளாவிய மரங்கள், வண்ணப் பறவைகள்’ என்று இரண்டு பக்கம் எழுதி உன்னிடம் படித்துக் காட்டினேன்.

நீ தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாய். தோலோடு சேர்த்து ஊறவைக்கிற மரப்பட்டையை லாரியிலிருந்து இறக்கி அடுக்குவது உன் வேலை. எவ்வளவு சோப்பு போட்டாலும் உன் உள்ளங்கை செங்கல் நிறத்தில்தான் இருக்கும்.

“மரத்த வெட்டாதேன்றியே, யார்கிட்டடி சொல்றே?”

“வெட்றவங்ககிட்ட.”

“அவன் இன்னாத்துக்கு வெட்றான்?”

நான் தாளைப் புரட்டிப் பார்த்தேன். நீ சிரித்தாய். “நமக்குத்தான்டி. பட்டை இன்னா, சந்தையிலயா மொளைக்குது?”

மறுபடி எழுதினேன். உன் பட்டை மழைக்காட்டு மரத்திலிருந்து வருகிறது என்று போட்டேன். அதற்கும் சிரித்தாய். மலையிலிருந்து லோடு கொண்டுவரும் டிரைவர் உன் தோஸ்த். அவர் சொன்னதைச் சொன்னாய்: “அது காட்டு மரமே இல்லியாம். மேல இருந்த சோலைக்காட்ட அழிச்சிட்டு, தோல் ஷாப்புக்குன்னே நட்டதாம். இப்ப ஓடையில தண்ணி கம்மி ஆயிடுச்சுன்னு அங்க இருக்கிற ஜனங்க பேஜார் படுறாங்களாம்.”

அன்று ராத்திரியே ஒரு பத்தி சேர்த்தேன். ‘என் அண்ணன் கையில் இருக்கும் சிவப்பு, ஒரு காடு போன இடத்திலிருந்து வந்தது. அந்தக் கைச் சோற்றைத்தான் நான் சாப்பிடுகிறேன். வெட்டாதீர்கள் என்று முதலில் எங்கள் ஊருக்குத்தான் சொல்ல வேண்டும்.’

டீச்சர் படித்துவிட்டு அந்தப் பத்தியில் விரல் வைத்தார். பிறகு, “இத மட்டும் எடுத்துடும்மா. விழாவுக்கு ஷாப்பு மொதலாளிங்க வர்றாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து கோபமாகச் சொன்னேன். நீ என் பக்கம் பேசுவாய் என்று நினைத்தேன்.

“எடுத்துடு” என்றாய். “என் வேல போய்ட்டா உன்ன யாரு படிக்க வப்பா?”

“உனக்கு பயம்.”

“ஆமாண்டி, பயம்தான். இன்னா இப்போ?”

அன்றிலிருந்து உன்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் ஷாப்பில் பட்டை அடுக்கு சரிந்தது. நீ அடியில் இருந்தாய். கடைசியாகக் குளிப்பாட்டினபோதும் உன் கை வெளுக்கவில்லை.

காரியம் முடிந்த நாலாம் நாள் ஆண்டு விழா. யாரும் என்னை எதிர்பார்க்கவில்லை. நான் போனேன். உனக்கு இனி வேலை போகாது, அண்ணா. முன் வரிசையில் முதலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பத்திக்கு வந்ததும் டீச்சர் மணி அடித்தார். நான் நிறுத்தவில்லை. இன்னொரு முறை அடித்தார். சத்தமாகப் படித்தேன். கடைசி வரிக்கு யாரும் கை தட்டவில்லை. உன்னோடு வேலை செய்தவர்கள் மட்டும் கேட் பக்கம் நின்று தட்டினார்கள்.

பரிசு வேறொருத்திக்குப் போனது. அவள் வானளாவிய மரங்கள் என்று எழுதியிருந்தாள்.

அதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். இப்போது மாதனூரில் கம்பெனி பஸ் ஏறிப் போய் ஷூவுக்குத் தோல் தைக்கிறேன். ‘இதுல சாப்டுக்கினே இதப் பேசலாமா?’ என்று பஸ்ஸில் கேட்கிறார்கள். சாப்பிடுகிறவள்தான் பேச வேண்டும். பேசுவேன்.

உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்தேனே, அதை மட்டும் என்னால் திருத்தி எழுத முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களே, கோயிலுக்குப் போனாலும், மசூதியில் துவா கேட்டாலும், சர்ச்சில் முட்டி போட்டாலும், உங்கள் ஜனங்களுக்காகக் கேட்கும்போது என் அண்ணனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை. கை சிவந்தவன் என்று சொல்லுங்கள், போதும்.