மாலை ஆறு மணிக்குள் வர வேண்டிய ஊசி

என் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பது கர்ப்பத்தின் ஏழாம் மாதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. எனக்கு ஒரு காய்ச்சல்கூட இல்லை. நீலகிரியில் குந்தா பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள் நான். முந்தின நாள்வரை வேலைக்குப் போயிருந்தேன்.

"இது ஹெபடைடிஸ் பி. இப்போ உங்களுக்கு ஒண்ணும் பயமில்லைங்க. ஆனா பிரசவத்துல குழந்தைக்குத் தொத்திக்கும். பொறந்ததும் ரெண்டு ஊசி போடோணும்" என்றார் டாக்டரம்மா.

ஒன்று, எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்ததும் போடுகிற தடுப்பூசி. அது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே உண்டு. மற்றது கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது ஊட்டியில்தான் இருந்தது. அதனால் பிரசவத்துக்கு ஊட்டிக்கே வரச் சொன்னார். கணவரையும் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொன்னார்.

நான் அழைத்துப் போகவில்லை. என் கணவர் சாமுவேலிடம் எதையும் சொல்லவில்லை. இது எப்படி வந்தது என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. என்னைத் தப்பாக நினைப்பாரோ என்று பயம். ஊட்டியில் வசதி அதிகம் என்று மட்டும் சொன்னேன். முழங்காலில் நின்று தினமும் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஆண்டவரே, இது யாருக்கும் தெரிய வேண்டாம். இன்று அதை இந்தச் சபையில் உங்கள் முன் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன், ஜூலை மாதம். நான்கு நாளாக விடாத மழை. டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்பே வலி வந்துவிட்டது. ஊட்டி ரோட்டில் மண் சரிந்து வண்டி போகவில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்கு மகன் பிறந்தான்.

நர்ஸ் சாந்தி உடனே தொடையில் முதல் ஊசியைப் போட்டார். கையில் காசநோய்த் தடுப்பூசி, வாயில் போலியோ சொட்டு. பிறகு ஊட்டிக்குப் போன் செய்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்த ரெண்டாவது மருந்தை ஐஸ் பெட்டியில வெச்சு, மண் சரிஞ்ச எடம் வரைக்கும் ஆம்புலன்ஸ்ல அனுப்பறாங்களாமா. இந்தப் பக்கமிருந்து ஆள் போய் வாங்கோணும். உங்க வீட்டுக்காரரை அனுப்புங்க."

"அவருக்கு இது தெரியாதுங்க சிஸ்டர்."

"இப்பச் சொல்லிருங்க. நேரமில்லைங்க."

சாமுவேலை உள்ளே கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத ஏம்புள்ள எங்கிட்ட மறைச்சே?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் நர்ஸிடம் திரும்பி, "எந்த எடத்துல வாங்கோணுங்க?" என்று கேட்டுவிட்டு ஓடினார். என்மேல் கோபமா, என்னவென்று தெரியவில்லை.

பத்து மணிக்குப் போன் சிக்னல் போயிற்று. மருந்து வந்ததா, அவர் போய்ச் சேர்ந்தாரா, ஒன்றும் தெரியவில்லை. மகனை மார்போடு அணைக்கவே பயந்தேன். என் பால்கூட விஷமோ என்று அழுதேன். "தாராளமாக் குடுங்க, பால்ல ஒண்ணும் வராது" என்று சாந்தி அதட்டிக் குடிக்க வைத்தார். மதியம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. மழை நிற்கவில்லை. நான்கரைக்கு என் ஜெபம் மாறியது. ஆண்டவரே, ஊர் முழுக்கத் தெரியட்டும். என் பேர் கெட்டாலும் பரவாயில்லை. என் பிள்ளையை மட்டும் தாரும்.

ஐந்து இருபதுக்கு இடுப்புவரை சேறோடு சாமுவேல் வந்தார். பெட்டியை மார்போடு கட்டிப் பிடித்திருந்தார். மூச்சு வாங்கியது. சாந்தி திறந்து பார்த்தார். ஐஸ் கரையவில்லை. மகனின் இன்னொரு தொடையில் ஊசி இறங்கியது. அவன் வீறிட்டு அழுதான். நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம்.

பிறகுதான் நடந்ததைச் சொன்னார். சரிவில் இன்னும் மண் இறங்கிக்கொண்டிருந்தது. இவர் காலை வைக்கப் போனபோது, சாய்ந்த கம்பத்தைச் சரிசெய்ய வந்திருந்த மின்வாரிய ஊழியர் ஒருவர் தடுத்திருக்கிறார். "உங்களுக்குப் பழக்கமில்லைங்க, நில்லுங்க. குழந்தைக்கு மருந்துதானே? நான் போறேன்." இடுப்பில் கயிறு கட்டி அந்தப் பக்கம் போய்ப் பெட்டியை வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். திரும்பும் வழியில் மரம் விழுந்து, இவர் ஏறி வந்த ஜீப் நின்றுவிட, மிச்சத் தூரத்தைச் சாமுவேல் ஓடியே வந்திருக்கிறார். அந்த ஊழியரின் பெயரைக் கேட்க இவருக்குத் தோன்றவில்லை. கர்த்தருக்குத் தெரியும்.

மீதித் தடுப்பூசிகளை ஒன்றுகூட விடாமல் போட்டோம். சாமுவேலும் பரிசோதித்துக்கொண்டார். அவருக்குத் தொற்று இல்லை. அவரும் ஊசி போட்டுக்கொண்டார். மகனுக்கு ஒரு வயது நெருங்கும்போது ரத்தம் எடுத்தார்கள். கிருமி இல்லை என்று டாக்டரம்மா சொன்னதும் அந்த அறையிலேயே முழங்கால் போட்டேன். எனக்கு இன்னும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறேன். பயமில்லாமல் போகிறேன்.

நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. அதைவிடப் பெரியதைத் தந்தார். இப்போது எங்கள் எஸ்டேட்டில் கர்ப்பமான பெண்களிடம் நானே போய் என் கதையைச் சொல்கிறேன். சகோதரிகளே, உங்கள் பயத்தை முதலில் அவர் பாதத்தில் வையுங்கள். எழுந்ததும் நர்ஸிடம் போய்ச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் உங்களை யாரும் தள்ளிவிட மாட்டார்கள்.