இடைக்காலப் போதகர் கொடுத்த வாக்கு

ஹெஸ்டர் பாஸ்கோ எந்த ஊருக்குப் போனாலும் சில வாரங்களிலேயே சபையார் எல்லோருடைய பெயரையும் கற்றுக்கொண்டுவிடுவாள். பெயரோடு நிற்காது. யாருடைய பெஞ்சில் யார் உட்காரக் கூடாது, முட்டி வலியால் பீடத்தண்டை வர முடியாத யாருக்கு அப்பத்தை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டும், ஈஸ்டர் லில்லியைக் கண்டால் எந்த விதவைக்கு அழுகை வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். பீடத்து வெள்ளை விரிப்பை அவளே தேய்ப்பாள். மடிப்பு ஒரு நூல் பிசகாது. அவளுடைய குடும்பத்தில் இறையியல் கல்லூரி வரைக்கும் போனவள் அவள் ஒருத்திதான். அப்பா இரும்புச் சுரங்கத்தில் இருந்தார். அண்ணன் மெர்வின் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான்.

இத்தனையும் கற்றுக்கொண்டு, ஒன்றிரண்டு வருடங்களில் அத்தனையையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். அவள் பார்த்த வேலை அப்படி. எப்பிஸ்கோப்பல் சபையில் ஒரு போதகர் விலகினால், அடுத்தவரைச் சபையாரே தேடிப் பேசி அழைத்துக்கொள்வார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஆராதனை நடத்தவும், நோயாளிகளைப் பார்க்கவும், பழைய மனக்கசப்புகளை ஆற்றவும் பேராயர் ஓர் இடைக்காலப் போதகரை அனுப்புவார். இடைக்காலப் போதகர் அந்த இடத்துக்கே நிரந்தரமாக வர ஆசைப்படக் கூடாது. புதியவர் வந்த பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஞானஸ்நானமோ கல்யாணமோ அடக்கமோ, புதியவராகக் கூப்பிட்டால்தான் வரலாம்.

இளம் வயதில் ஹெஸ்டரும் நிரந்தர இடம் தேடினாள். ஒவ்வொரு ஊரிலும் தேடல் குழுவினர் அவளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, பிரசங்கம் செய்யச் சொல்லிக் கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். பிறகு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அந்த வேறொருவர் பெரும்பாலும் மனைவியும் குழந்தைகளும் உள்ள ஆணாக இருந்தார். "உனக்குச் சண்டையை ஆத்தத் தெரியும், ஹெஸ்டர். அது எல்லாருக்கும் வராது" என்றார் அப்போதைய பேராயர். பெரிய ஏரியின் கரையோர ஊர்களில் ஒன்று மாற்றி ஒன்றாக அவளை அனுப்பத் தொடங்கினார். அவளுக்குத் தலை நரைக்கும்வரை அது நிற்கவில்லை.

கார்னெட் பே ஊரில் இருந்த புனித கொலம்பா ஆலயத்துக்கு அவள் வந்தபோது சபை இரண்டாகக் கிடந்தது. முந்தைய போதகரை விரட்டியது யார் என்பதில் தகராறு. ஒரு கட்சி இடப்பக்கம் உட்கார்ந்தது, மற்றது வலப்பக்கம். ஆராதனை முடிந்து கீழ்த்தளக் கூடத்தில் காப்பி குடிக்கும்போதுகூட இரண்டு பாத்திரங்கள். இவர்கள் காப்பியை அவர்கள் தொடமாட்டார்கள்.

ஹெஸ்டர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வலப்பக்கத்தாரின் காப்பிப் பாத்திரத்து மூடியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். மூடி இல்லாமல் அதில் காப்பி போட முடியாது; தேடித் தேடிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் எல்லோரும் ஒரே பாத்திரத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில்தான் முதல் பேச்சு ஆரம்பித்தது, பால் தீர்ந்துபோனதைப் பற்றி.

அவள் மூடியை எடுத்ததைப் பார்த்துவிட்டது எல்வீரா கோஸ்கி ஒருத்திதான். எண்பது வயதைத் தாண்டியவள். பள்ளிக்கூடப் பேருந்துக்கு மாற்று டிரைவராகக் காலத்தைக் கழித்தவள்.

"கோட்டுப் பையில என்ன கனமாத் தொங்குது, போதகரம்மா?"

"மூடி."

"அடி திருடி! பத்துக் கட்டளையில ஒண்ணு காலி."

"ரெண்டு வாரத்துல திருப்பி வச்சிடுவேன், எல்வீரா. சத்தம் போடாதீங்க."

"நான் ஏன் சத்தம் போடப் போறேன்? இருபது வருஷமா இந்தக் கூட்டத்துல இப்படி ஒரு திருட்டு நடக்காதான்னு ஏங்கிக்கிட்டிருந்தேன்."

அன்றிலிருந்து எல்வீரா அவளை விடவில்லை. நுரையீரல் கெட்டு வீட்டோடு முடங்கிய பிறகு, ஹெஸ்டர் வியாழக்கிழமைதோறும் திருவிருந்தைச் சின்னப் பெட்டியில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவாள். ஜெபம் முடிந்ததும் எல்வீரா மாவுக்குள் கறியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டியை எடுத்து வைப்பாள்.

"நீயும் என்னை மாதிரிதான். மாத்து டிரைவர். எந்தப் பிள்ளை எந்த முக்குல ஏறும், எது வாந்தியெடுக்கும், எல்லாம் தெரியும். ஆனா பஸ் உன்னுது இல்ல."

"பஸ் யாருதுமே இல்ல, எல்வீரா."

"அது பிரசங்கம். நான் நிஜத்தைச் சொல்றேன்."

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் எல்வீரா அந்த வாக்கைக் கேட்டாள். அந்த ஊரில் குளிர்காலத்தில் செத்தவர்களை உடனே புதைக்க முடியாது. மண் பாறை மாதிரி இறுகிவிடும். ஆலயத்தில் ஆராதனை நடக்கும். பெட்டியைக் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் கல் கட்டடத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மே மாதம் பனி உருகிய பிறகு, காத்திருக்கும் பெட்டிகளை எல்லாம் ஒரே நாளில் வரிசையாக இறக்கி மண் போடுவார்கள்.

"என் வீட்டுக்காரர் அர்வோவை அப்படித்தான் இறக்கினாங்க" என்றாள் எல்வீரா. "அஞ்சு பெட்டி. போதகருக்கு மத்தியானம் வேற ஊர்ல வேலை. அவசரத்துல அர்வோ மேல மண்ணைப் போட்டுட்டு, பக்கத்துப் பெட்டிக்காரன் பேரைச் சொல்லிட்டாரு. ஆஸ்கர்! யாரு அந்த ஆஸ்கர்? எங்க வேலியை நகத்தி வச்ச பய!"

ஹெஸ்டர் சிரித்துவிட்டாள். எல்வீரா சிரிக்கவில்லை.

"திரும்பச் சொல்லுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. அத்தனை வருஷம் அந்த மனுஷனை வாய் ஓயாமத் திட்டினவ நான். அந்த நிமிஷத்துல வாய் வரல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பாட்டு, பிரசங்கம் எல்லாம் எவன் வேணா பண்ணட்டும். மண்ணு போடுறது நீயா இருக்கணும். என் பேர் தெரிஞ்சவ."

இதற்கு ஓர் இடைக்காலப் போதகர் சொல்ல வேண்டிய பதில் உண்டு. 'அப்போது இங்கே யார் போதகரோ அவர் நன்றாகச் செய்வார்' என்பது அது. ஹெஸ்டர் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், பிசகாமல்.

"சரி, நானே போடுறேன்" என்றாள்.

எல்வீரா ஜனவரியில் இறந்தாள். ஹெஸ்டர்தான் ஆலயத்தில் ஆராதனை நடத்தினாள். முடிவில் மூத்த நிர்வாகி ரஸ்ஸல் பென்ஹேல் அவள் காதருகே குனிந்தார்.

"ஒரு கிண்ணத்துல மணல் எடுத்து வச்சிருக்கேன், போதகரம்மா. சில பேர் இங்கேயே பெட்டி மேல தூவி, அடக்க ஜெபத்தைச் சொல்லி முடிச்சிடுவாங்களே. மே மாசம் யார் இருக்காங்களோ, என்னவோ."

"அவங்க கேட்டது மண்ணு, ரஸ்ஸல். கிண்ணத்து மணல் இல்ல."

"புது ஆள் அதுக்குள்ள வந்துட்டாருன்னா?"

"ஜூலைக்கு முன்னாடி யாரும் வர மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ரஸ்ஸல் கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். பெட்டியைக் கல் கட்டடத்தில் வைத்துப் பூட்டினார்கள்.

தேடல் குழு காலின் விட்செட் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. வயது நாற்பதுகூட இல்லை. அமைதியான மனிதர். அவர் இருந்த பழைய சபை பக்கத்து ஊர்ச் சபையோடு முன்கூட்டியே இணைக்கப்பட்டதால், ஜூலையில் வர வேண்டியவர் ஏப்ரலிலேயே வந்துவிட்டார். ஹெஸ்டருக்கு ஈஸ்டர்தான் கடைசி ஞாயிறு. எல்லா ஊரிலும் சொல்வதையே அன்றும் பிரசங்கத்தில் சொன்னாள். "என்னைக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா எனக்கு வரணும்னு ஆசையா இருக்கும். நான் வந்தா உங்களுக்குப் போதகர் இருக்க மாட்டார்." இரண்டு கட்சியும் சேர்ந்து அழுதது. கீழ்த்தளத்தில் ஒரே பாத்திரத்துக் காப்பி குடித்துவிட்டு, அவள் மெர்வினுடைய வீட்டு மாடியறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மே பிறந்ததும் காலினுக்குப் போன் செய்தாள்.

"எல்வீரா கோஸ்கி அடக்கத்துக்கு என்னைக் கூப்பிடுவீங்களான்னு கேக்கத்தான். மண்ணு போடுறது மட்டும். மத்த எல்லாம் நீங்க."



"உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை, ஹெஸ்டர். ஆனா முடியாதுங்க."

"நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் வந்து மூணு வாரம் ஆகுது. இன்னும் எல்லாரும் என்கிட்ட, ஹெஸ்டர் அம்மா இதை இப்படிப் பண்ணுவாங்கன்னுதான் சொல்றாங்க. இதுதான் நான் இங்க பண்ற முதல் அடக்கம். அதுல நீங்க பெட்டிகிட்ட நின்னா, நான் பெட்டி தூக்குறவன்."

"பின்னாடியாவது நிக்கட்டுமா?"

"நீங்க எங்க நின்னாலும் அதுதான் முன்னாடி." அவர் குரல் தாழ்ந்தது. "ரஸ்ஸல் உங்க கடைசிப் பிரசங்கத்தைப் பதிவு பண்ணி எனக்கு அனுப்பியிருந்தாரு. இந்த ஊருக்கு வரலாமா வேண்டாமான்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். அதைக் கேட்டுத்தான் துணிஞ்சேன். இந்த அம்மா நிஜமாவே கதவைச் சாத்திட்டுப் போறாங்கன்னு."

அவர் இடத்தில் இருந்தால் ஹெஸ்டரும் இதையேதான் சொல்லியிருப்பாள்; இன்னும் சுருக்கமாக.

"அவங்க பேரு எல்வீரா. வீயை நீட்டிச் சொல்லணும். அன்னைக்கு எத்தனை பெட்டி?"

"மூணு."

"மெதுவாப் பண்ணுங்க."

அடக்கத்தன்று காலை மெர்வின் தன் பழைய பிக்கப் வண்டியை எடுத்தான். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "பொதுச் சாலையில நிக்க எவன் அனுமதியும் வேண்டாம்" என்று அவன் கிளப்பிவிட்டான். கல்லறைத் தோட்டம் ஏரியைப் பார்த்த சரிவில் இருந்தது. ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதந்தது. அதன்மேல் வந்த காற்று வண்டியையே அசைத்தது. வேலிக்கு வெளியே நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்கள்.

இருபதுபேர் போல நின்றார்கள். ஹெஸ்டருக்கு முதுகைப் பார்த்தே எல்லோரையும் தெரிந்தது. ரஸ்ஸல் திரும்பினார். வண்டியை அடையாளம் கண்டுகொண்டு வேலியை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல நின்றார். தொப்பியைத் தொட்டுவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்பிப் போனார். நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார், கற்றுக்கொடுத்தவள் அவள்.

நடுப்பெட்டி எல்வீராவுடையது. காலின் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் மண்ணை அள்ளினார். அவசரப்படவில்லை. குனிந்து, பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உதடு அசைந்தது. காற்று அத்தனையையும் வேறு பக்கம் அடித்துக்கொண்டு போனது.

"என்ன பேர் சொன்னாரு?" என்றான் மெர்வின்.

"கேக்கல."

"நான் இறங்கிப் போய் ரஸ்ஸலைக் கேட்டுட்டு வரட்டா?"

"வேண்டாம்."

"அப்ப நீ இங்கிருந்தே சொல்லு, ஹெட்டி. உனக்குத்தான் மனப்பாடம் ஆச்சே. உன் வாயை எந்தப் பேராயர் பூட்டி வச்சிருக்காரு?"

அவளுக்கு மனப்பாடம்தான். முதல் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் காலின் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

"நான் இன்னொரு தடவை சொன்னா, அங்க நடந்தது செல்லாதுன்னு ஆயிடும், அண்ணே."

"செல்லாதுதான்!"

"அப்படின்னா அந்தப் பொம்பளையை ஒழுங்கா அடக்கமே பண்ணலைன்னு ஆகுது. அதை நானே என் வாயால சொல்லச் சொல்றியா?"

மெர்வின் ஸ்டியரிங்கைக் குத்தினான். "ஒரு பிடி மண்ணு. அதுக்கு ஒரு சட்டம்! எந்த மடையன் போட்டான்?"

"சட்டம் சரியானதுதான்" என்றாள். அவள் வாழ்நாள் முழுக்க அதை நம்பியிருந்தாள், அப்போதும் நம்பினாள். "தப்பு நான் சொன்ன 'சரி'ங்கிறதுல இருக்கு."

கூட்டம் கலைந்தது. யாரும் சாலைப்பக்கம் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோலப் போனார்கள். மண் தள்ளும் இயந்திரம் மரத்தடியிலிருந்து உறுமிக்கொண்டு வந்தது. நடுக்குழியை மூட அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மெர்வின் கண்ணாடியை ஏற்றினான்.

மாத முடிவில் பேராயர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கரையோரமாக வடக்கே இன்னொரு ஊர், போதகர் இல்லை, சபையாருக்குள் கொஞ்சம் மனஸ்தாபம். ஹெஸ்டர் தன்னால் முடியாது என்றாள். அவர்கள் காரணம் கேட்டார்கள். வயதாகிவிட்டது என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்தான் கஷ்டமாக இருந்தன. அண்ணன் வீட்டிலிருந்து வண்டியில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த ஒவ்வொரு எப்பிஸ்கோப்பல் ஆலயத்திலும் அவள் ஒரு காலத்தில் இடைக்காலப் போதகராக இருந்தவள். எதிலும் கடைசிப் பெஞ்சில்கூட உட்கார முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு போதகர் காலின் மாதிரி தன் காலில் நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற சபைதானே, லூத்தரன்காரங்க கோயிலுக்குப் போவோமா? நானும் வரேன்" என்றான் மெர்வின். தாயின் அடக்கத்துக்குப் பிறகு அவன் ஆலயப் படி மிதித்ததில்லை.

"அடுத்த வாரம் பாப்போம்" என்றாள்.

ஆனாலும் ஞாயிறு காலை பழக்கத்தில் எழுந்து உடுத்திக்கொண்டாள். கறுப்புச் சட்டையைப் போட்டு, போதகரின் வெள்ளைக் கழுத்துப் பட்டையையும் மாட்டிக்கொண்ட பிறகுதான், போக இடமில்லை என்பது அவளுக்கு உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்தாள். கீழேயிருந்து மெர்வின், பான்கேக் ஆறிப்போகிறது என்று கத்தினான். பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். இறங்கிப் போனாள்.