வெள்ளைத் துண்டும் பொம்மை லாரியும்

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பெட்டியில் அந்த முறை இரண்டு வண்டிகள் இருந்தன. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். ஒன்று சிவப்பு ரேஸ் கார், தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இன்னொன்று பெரிய சக்கரம் வைத்த லாரி. இரண்டும் வயரே இல்லாமல் ரிமோட்டில் ஓடுபவை. எண்பதுகளில் எங்கள் தெருவுக்கு அது பெரிய அதிசயம், ஜன்னல் பூராவும் தலைகள். மச்சான் வாங்கியது தன் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளைக்கோ இன்னும் தவழவே வரவில்லை.

“ஒண்ணு செம்பட்டியில எங்க வீட்டுல இருக்கட்டும், ஒண்ணு இங்க இருக்கட்டும் மாமா. எது வேணுமோ நீங்களே பாத்து எடுத்துக்கங்க” என்றார் அப்பாவிடம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இருபது வருஷத்துக்கு மேல் கொடைரோட்டுக்கும் கொடைக்கானல் மலைக்கும் லாரி ஓட்டியவர். ஏறும்போது அரிசி, பருப்பு. இறங்கும்போது உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு. கண் மங்கியதும் லாரி முதலாளி பக்குவமாகப் பேசிச் சாவியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். வெளிச்சம் தெரியும், வெள்ளையாக எதுவும் அசைந்தால் தெரியும், மற்றதெல்லாம் புகை. ஆபரேஷன் செய்தால் பார்வை வரும், ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். கூட வண்டி ஓட்டிய ஒருவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கண் போய்விட்டது. அதைப் பிடித்துக்கொண்டு அப்பா அசையவே இல்லை. “இருக்கிற வெளிச்சமாச்சும் இருக்கட்டும்” என்பார். அம்மா அழுதாள், அக்கா கெஞ்சினாள், சின்ன மகள் நான் கத்தினேன். எனக்குக் கத்தத்தான் வரும்.

அப்பா முதலில் காரை மடியில் வைத்து ஒரு சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டார். அது விர்ரென்று சுற்றியது. “இது ஓடும்” என்று கீழே வைத்தார். பிறகு லாரியை எடுத்தார். சக்கரத்தை உள்ளங்கையில் அழுத்தி உருட்டினார். முன்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, மற்ற மூன்றும் படிந்து நிற்கின்றனவா என்று தடவினார். அடியில் துழாவிய கட்டைவிரலுக்குச் சின்னதாக ஒரு நெம்புகோல் தட்டுப்பட்டது. அதைத் தள்ளிவிட்டு மறுபடி உருட்டியபோது சக்கரம் இறுக்கமாக, மெதுவாக நகர்ந்தது. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

“இதுல லோடு கியர் இருக்கு மாப்ளே. இது ஏறும்” என்றார்.

எங்கே ஏறுவது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் சந்து முடிகிற இடத்தில் மலைக்கோட்டைப் பாறையின் அடிவாரம் ஆரம்பிக்கும். புல் பூண்டு இல்லாத வழுக்குப்பாறை, அங்கங்கே வெடிப்பு, படிபோல மடிப்பு. நான் காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுப்பேன், சாயங்காலம் சும்மாதான். அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிப்போய் ஒரு கல்லில் உட்காரவைத்து, ரிமோட்டின் ஏரியலை நீளமாக இழுத்துக் கொடுத்தேன். லாரி ஒரு முழம் ஏறியது. அப்புறம் வழுக்கி மல்லாந்து விழுந்து, கரப்பான்பூச்சி மாதிரி சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு கிடந்தது. நான்கு முறையும் இதே கதைதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தூக்கிப் பரணில் போடுவோம் என்றேன்.

“டயர் மொட்டை. பாரம் மேல இருக்கு. வண்டியக் குத்தம் சொல்லாத” என்றார் அப்பா.

அன்றிலிருந்து எங்கள் கூடம் பட்டறை ஆனது. அவர் விரல் பார்க்கும், என் கை செய்யும். பக்கத்து வீட்டு பாய் தோல் மண்டியில் இருந்தார். அவர் கொடுத்த மெல்லிய தோல் துண்டுகளைச் சக்கரத்தில் ஒட்டிப் பார்த்தோம். தூசி பட்டதும் வழுக்கியது. அடுத்து சைக்கிள் டியூபை வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனால் ஒட்டினோம். பிடித்தது, ஆனால் கல்மேல் பட்டால் எகிறியது. பழைய குஷனிலிருந்து ஸ்பாஞ்சைக் கிழித்து டியூபுக்கு உள்ளே அடைத்தோம். இப்போது டயர் கல்லைக் கவ்விக்கொண்டு அமுங்கியது. மேலே தொட்டியில் இருந்த பேட்டரி செல்களை இறக்கி, வயரை நீட்டி, அடிவயிற்றில் கட்டினோம். மூக்கு தூக்காமல் இருக்க முன்பக்கம் ஈயக்கட்டி. டயருக்கு முன்னால் போய்ப் பாறையில் முட்டிக்கொண்டிருந்த பம்பரை ஆக்ஸா பிளேடால் அறுத்து எறிந்தேன். செல் தீர்ந்துபோனால் அம்மா அதை வடகத்தோடு வெயிலில் காயவைப்பாள். அப்புறம் இன்னும் செத்த நேரம் ஓடும்.

லாரி ஏறத் தொடங்கியது.

அந்தச் சாயங்காலங்களை இப்போது நினைத்தாலும் தூக்கத்தில் கண்டவை போலத்தான் இருக்கின்றன. பகல் பூராவும் வெயில் குடித்த பாறை காலுக்கடியில் வெதுவெதுப்பாக இருக்கும். கீழே ஊரின் சத்தம் ஒரே இரைச்சலாகக் கலங்கி மேலே வரும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரின் முனகலைக் கேட்பார். முனகல் தடித்தால் ரிமோட்டின் விசையைக் கொஞ்சம் விடுவார், மெலிந்தால் அழுத்துவார். முதல் வெடிப்பைத் தாண்டியதும், கொடைக்கானல் பாதையில் ஏறுகிற நினைப்பில் “காமக்காபட்டி செக்போஸ்ட்டு” என்பார். வளைந்த மடிப்பு வந்தால் “டம்டம் பாறை. அருவி தெரியுதா?” என்று கேட்பார். நானும் தெரியுதுப்பா என்பேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்தது. பூண்டு மூட்டை வாசம்கூட வந்தது. வீட்டில் என்னைத் தாயி என்று கூப்பிடுகிறவர் பாறைக்கு வந்தால் ஏலே என்பார். அங்கே நான் மகள் இல்லை, லாரி கிளீனர்.

கிளீனருக்கு ஒரு வேலை உண்டு. மலைப்பாதையில் மூடுபனி இறங்கிவிட்டால் ஹெட்லைட்டுக்கும் ஒன்றும் தெரியாது. அப்போது கிளீனர் இறங்கி, வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் நடப்பான். டிரைவர் அந்த வெள்ளையைப் பார்த்தே ஓட்டுவார். அப்பாவின் லாரியில் அதற்கென்றே ஒரு துண்டு இருந்தது. அதை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

“துண்டு தெரியிற வரைக்கும் வண்டி போகும். தெரியலேன்னா நின்னுரணும். எந்தப் பெரிய டிரைவரா இருந்தாலும் நின்னுரணும்” என்றார்.

நான் துண்டை விரித்தபடி பொம்மை லாரிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடப்பேன். “வரலாம், வரலாம், லேசா வலது, ரைட்!” அப்பா அந்த வெள்ளையைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்புவார். ஆடியில் ஆரம்பித்தோம். ஆவணியில் பாதிப் பாறை ஏறிவிட்டோம். கடைசி மடிப்புக்கு அவர் பெருமாள்மலை என்று பெயர் வைத்திருந்தார். அதைத் தாண்டினால் கொடைக்கானல்.

புரட்டாசியில் வண்டி தடுமாற ஆரம்பித்தது. வலது என்றால் இடது போனது. வயரைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. துண்டுதான் மங்கிவிட்டது, இன்னும் வெளுப்பாக இருந்தால் தெரியும் என்று முடிவு செய்தேன். தினமும் சோப்புப் போட்டுத் துவைத்து, வெளுப்பு ஏறச் சொட்டுநீலத்தில் முக்கிக் காயவைத்தேன். “வேட்டிக்குப் போடலாம்னு பாத்தா சீசாவே காலி. இம்புட்டு நீலம் எங்கடி போகுது?” என்று அம்மா திட்டினாள். நான் அடுத்த சீசா வாங்கி வந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் மழை விட்டு வானம் மூட்டமாக இருந்தது. பெருமாள்மலைக்கு ஒரு சாண்தான் பாக்கி. நான் மடிப்பின் மேல் நின்று துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். வண்டி நின்றுவிட்டது.

“ஏலே, துண்ட எங்க?”

“பிடிச்சுத்தானப்பா இருக்கேன்.”

“மேல தூக்கு.”

“மேலதான் இருக்கு.”

அப்பா கொஞ்ச நேரம் முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ரிமோட்டை அணைத்து, ஏரியலை மெதுவாக உள்ளே தள்ளினார். மடிப்பிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்த வரவில்லை.

“துண்டு தெரியல. நிறுத்திற வேண்டியதுதான்” என்றார். பிறகு, “மதுரைக்கு எப்பப் போகணும் தாயி?” என்று கேட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதலில் ஒரு கண், பிறகு அடுத்த கண். தைப் பொங்கல் கழிந்து, சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அப்பா என் கையைப் பிடிக்காமல் சந்தில் நடந்து பாறைக்கு வந்தார். நான் வண்டியை அன்று நின்ற இடத்திலேயே வைத்துவிட்டுப் பழக்கத்தில் துண்டை விரித்தேன்.

“ஏலே, அது என்ன கையில?”

“துண்டுப்பா.”

“எந்தத் துண்டு?”

“உங்க லாரித் துண்டுதான். வெள்ளைத் துண்டு.”

கிட்டே வந்து வாங்கினார். கண்ணாடிக்கு நேரே பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இது வானத்துக் கலர்ல இல்ல இருக்கு!” என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். நல்ல நீலம். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் என் கண்ணுக்குப் படவே இல்லை. அப்பா பாறையே அதிரச் சிரித்தார். “நீலத்துண்ட விரிச்சா எந்த டிரைவருக்குத் தெரியும்? அன்னைக்கு எனக்குத்தான் கண்ணு மொத்தமா போயிருச்சுன்னு பயந்துபோயிட்டேன். ஏமாத்திப்புட்டியேடி.”

“உங்களுக்குத் தெரியணும்னுதான போட்டேன்! தெரியணும்னுதான!” என்று கத்தினேன். கத்தக் கத்த அழுகை வந்துவிட்டது.

அப்பாவின் சிரிப்பு நின்றது. துண்டை உதறி விரித்தார். ரிமோட்டை என் கையில் வைத்து அழுத்திவிட்டு, பெருமாள்மலைக்கு முன்னால் போய் நின்று, “இன்னைக்கு நான் கிளீனரு. வரலாம், வரலாம்” என்று பின்பக்கமாக நடந்தார்.

நான் வண்டியை எடுத்தேன். அரைச் சாண் ஏறியிருக்கும். கண்ணில் நீர் முட்டி, பாறையும் அப்பாவும் நீலமும் ஒன்றாகக் கலங்கிப் போயின. துண்டு தெரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டேன்.