பறியைக் கடித்தவளும் உப்பு வியாபாரி மகளும்

சாயவேர் கொதிக்கிற வாடை எங்கிருந்து வந்தாலும் என் கால் நின்றுவிடும். நேற்று இந்த ஊர்ச் சந்தைக்குப் பின்னால் யாரோ துணிக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், நின்றேன். நாற்பதைத் தாண்டியும் ஓர் ஊரில் தங்கத் தெரியாதவன் நான். ஆனால் அந்தத் துவர்ப்பு மூக்கில் ஏறியதும் பழவேற்காட்டு ஏரி என் இடுப்புவரை வந்துவிடுகிறது.

கோட்டையில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலம். அவர்கள் கப்பலுக்காக ஏரிக்கரை நெடுகச் சாயத்துணி காயும். நாங்கள் கையால் இறால் பிடிக்கிற குடும்பம். தண்ணீருக்குள் உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். ஏரிக்குள் இருக்கும் வரை பேச்சில்லை. என் அக்கா பாதி நாள் அப்படி ஊமையாக இருப்பாள். கரையேறிக் கயிற்றை விட்டாளோ, அவள் வாய்க்கு முன் எவரும் நிற்க முடியாது.

அந்த ஆண்டு அம்மன் திருவிழாவுக்கு ஒரு காதல் நாடகம் ஒத்திகை பார்த்தோம். எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக ஆடிச் சிரிக்க வைத்தது. உப்பு வியாபாரியின் மகள் ஓர் ஓடக்காரனை விரும்புகிறாள், சொல்லமாட்டாள். மீசை ஒட்டிச் சுங்கக்காரனாக அவன் ஓடத்தை மறித்து, அவன் மனதை அவன் வாயாலேயே கக்க வைக்கிறாள். பிறகு அவன் முத்துக் குளிக்கத் தெற்கே போகிறான். அவள் காத்திருக்கிறாள். வருகிறான், மாலை விழுகிறது. மகளாக நடித்தவன் நான்.

ஒரு மாலை அக்கா ஈரச் சேலையோடு வந்து நின்று பார்த்தாள்.

“இன்னாடி ராசாத்தி, மீசைய மழிச்சிட்டு வந்து வெக்கப்படு,” என்றான் மகளின் தோழியாக நடித்தவன் என்னைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“அந்த உப்புக்காரன் மக இன்னாடா, மீசை ஒட்டினாதான் வாயத் தொறப்பாளா?”

“அதுலதான்க்கா சிரிப்பே,” என்றேன்.

“சுங்கக்காரனா நின்னு அம்மாம் பேச்சு பேசறா. கெட்டிக்காரிதான், ஒத்துக்கறேன். அவன் முத்துக்குப் போறப்போ சொந்த மூஞ்சோட நிக்கறா. அப்போ இன்னா சொல்றா? காத்துனு இருக்கேன்னு சொல்றா. அவ்ளோதான்.”

“அவளுக்காகப் பேசத்தான் நான் இருக்கேனே,” என்று தோழி மார்தட்டினான்.

“நீ ஊருக்கே பேசுவ. உனக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா? கடைசில உன்னக் கோமாளி தலையில கட்றாங்க. பல்லக் காட்டினு போற.”

அதுவரை நான் அந்த மகளின் பொறுமையைத்தான் அவளுடைய பலம் என்று நம்பி, கண்ணை உருட்டி உருட்டி நடித்திருந்தேன். அந்தப் பொறுமையை எழுதியவன் ஊரில் இருந்திருக்கமாட்டான்; முத்துக்குப் போயிருப்பான்.

அக்கா தன்னைப் பற்றித்தான் பேசினாள். கரையில் துணி அலசும் சாயக்காரர் ஒருவர் இருந்தார்; மணிக்கட்டு வரை சிவந்த கைகள். அவர் சேதி என் வழியாக வரும், அக்காவின் பதில் என் வழியாகப் போகும். மேடைக்கு வெளியே தோழி வேடமும் எனக்குத்தான். அவரை உலாந்தாக்காரர் கடல் தாண்டிச் சாவகத்துக்குக் கப்பலேற்றுகிறார்கள் என்று ஆனது. எத்தனை ஆண்டென்று எவருக்கும் தெரியாது. தனக்காக அவள் இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

“நல்ல புள்ள. வார்த்த குடுத்துடலாம்,” என்றார் நைனா.

கொடுத்துவிட்டால் வேறு எவரும் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வரமாட்டார்கள். அவர் வராமலே போனாலும் அக்கா அந்த வார்த்தைக்குள் நரைக்க வேண்டும். அவள் பறியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள்.

அவர் திரும்பி வந்தாரா, எனக்குத் தெரியாது. அடுத்த மழைக்கு முன் நானும் ஊரை விட்டேன். அந்தத் திருவிழா இரவில், ‘காத்திருக்கிறேன்’ என்று மகள் சொல்லும் இடம் வந்தபோது என் கை தானாக என் தோளைப் பிடித்துக்கொண்டது. நடிப்பென்று நினைத்துச் சனம் ஆரவாரித்தது. அவர்கள் அன்று காலை ஏரியில் இல்லை.

சாயக்காரர்களைக் கப்பலுக்கு ஏற்றிப்போகப் படகு காத்திருந்த காலை அது. அக்கா பறியைக் கடித்தபடி தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில். அவர் வேட்டியைத் தூக்கிக்கட்டி எங்களிடம் இறங்கி வந்தார்.

“எனக்குனு இருப்பியா?” என்று முதல்முறையாக அவளிடமே கேட்டார்.

அக்கா எழுந்தாள். கயிற்றை வாயிலிருந்து எடுத்துப் பறியை என்னிடம் கொடுத்தாள். உதட்டோரம் கயிற்றின் தடம்.

“உன்ன எனக்குப் புடிக்கும். தம்பிகிட்ட சொல்லி அனுப்பல, நானே சொல்றேன். இப்பவே இட்டுனு போறதுன்னா வரேன்.”

“கப்பல்ல உன்ன ஏத்தமாட்டாங்க.”

“அப்போ காத்துனு இருக்கமாட்டேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கை என் தோளைப் பிடித்திருந்தது, நகம் பதிந்தது. அந்தப் பிடியை எந்த வேடத்திலும் நான் ஆடிக் காட்டியதில்லை.

“யோவ், கப்பல் இன்னா உனக்காக நிக்குமா?” என்று படகிலிருந்து ஒருவர் கத்தினார்.

சாயக்காரர் தலையாட்டினார். “சரிம்மே. போய்ட்டு…”

“அத்த சொல்லாத,” என்றாள் அக்கா. “போய்ட்டு வரேன்னு சொன்னா நான் வழி பாக்கணும். போறேன்னு சொல்லு.”

வீட்டு வாசலில் எங்கள் யார் வாயிலும் வராத சொல் அது. அவர் தன் சிவந்த கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“போறேன்.”