பூட்டுப் போட்டவள்

குடியிருப்பின் ஆண்டு மலருக்கு லிஃப்ட் அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார் செயலாளர். "அந்த சூப்பர் ஹீரோ விவகாரமெல்லாம் வேண்டாம். அக்காவைப் பத்தி மட்டும் எழுதுங்க" என்றும் சொன்னார். அதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. பிடிக்கவில்லை என்றால் அவரே எழுதிக்கொள்ளட்டும்.

நான் இங்கே வாட்ச்மேன். இருபத்திரண்டு வருடமாக இந்த கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஆமை. ஹாரன் அடித்ததும் துள்ளி எழுந்து ஓட மாட்டேன். வந்திருப்பது யார், எந்த வீடு என்று என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளில் கை வைப்பேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பன்னிரண்டு மாடிக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரே ஒரு லிஃப்ட். அதற்கு ஒரே மெக்கானிக், அக்கா. என்னைவிட மூன்று வயது சின்னவள்தான், ஆனால் ஊரே அக்கா என்னும்போது நான் மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது? தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். படிப்பு ஏறாத அவனைத் தன் வேலையிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஏதோ ஜென்மப் பகை என்று நினைப்பீர்கள். அவன் சாப்பிடாமல் இவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வேலையில் அக்காவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்ததும், அதன் கைப்பிடியில் ஒரு இரும்புக் கொக்கியை மாட்டுவாள். அந்தக் கொக்கியில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவரும் அதில் அவரவர் பூட்டைப் போட வேண்டும். அக்காவுடையது பித்தளைப் பூட்டு, தம்பியுடையது நீலப் பெயின்ட் அடித்தது. போட்டவர்தான் வந்து திறக்க வேண்டும். ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் சுவிட்ச் மேலே ஏறாது. தம்பி எதையும் தொலைப்பவன் என்பதால் அவனுடைய மாற்றுச் சாவி ஒரு காலத்தில் அக்காவிடம் இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் அதை மொட்டை மாடியிலிருந்து வீசி எறிந்துவிட்டாள். அவள் எறிந்ததை நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் இல்லை.

இனி, செயலாளர் வேண்டாம் என்ற விஷயம்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, லிஃப்ட் கரகரவென்று சத்தம் போட்டது. என்னவென்று பார்க்க மோட்டார் ரூமுக்குப் போனேன். மோட்டாருக்குப் பின்னால் சுவரில் ஒரு வெளிச்சக் கீறல் தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு பேர் கிடந்தார்கள், ஒரு பெண், ஒரு ஆண். உடம்போடு ஒட்டிய நீல உடை, மார்பில் ஏதோ சின்னம், உடம்பெல்லாம் கரி. பெண்ணைப் புரட்டினேன், அக்கா. ஆணைப் புரட்டினேன், நான். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் உலகத்தில் அவள் பறப்பாளாம். அவன் கண் மூடித் திறப்பதற்குள் ஊரைச் சுற்றி வருவானாம், அங்கே அவன் பெயர் மின்னல். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு விபத்தில் இருவருக்கும் ஒரே நாளில் சக்தி வந்ததாம். என்ன விபத்து என்று கேட்டேன். அந்த நாள்வரை அவர்கள் கதையும் எங்கள் கதையும் ஒன்றுதான், அதற்குப் பிறகு பிரிந்துவிட்டது என்று மட்டும் அவன் சொன்னான்.

இங்கே வந்ததும் சக்தியெல்லாம் போய்விட்டது. அவள் தண்ணீர்த் தொட்டி ஏணியின் நாலாவது படியிலிருந்து பறந்து பார்த்து, காலைச் சுளுக்கிக்கொண்டாள். அவன் கேட்டிலிருந்து மாடிப்படிவரை ஓடிவிட்டு என்னைவிட மோசமாக மூச்சு வாங்கினான். இருவரையும் என் அறையில் ஒளித்துவைத்து, என் பழைய சட்டைகளைக் கொடுத்தேன். மோட்டார் ஓடும்போது கீறல் விரிவதையும், நின்றால் சுருங்குவதையும் அவன் கண்டுபிடித்து, சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். வியாழக்கிழமை காலையில் அது ஆள் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. அவளை அழைத்துப்போக அவன் கீழே வந்தான். யார் கண்ணிலும் படக்கூடாது என்று லிஃப்டை விட்டுவிட்டு, சுளுக்கிய காலோடு அவள் பன்னிரண்டு மாடி ஏறி முடிப்பதற்குள், சத்தத்தைச் சரிபார்க்க வந்த அக்கா சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டாள். நான் அவர்கள் பின்னாலேயே ஏறினேன்.

மோட்டார் ரூமில் அக்கா கை நிறைய கிரீஸோடு நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் அவளே நின்றாள், பத்து கிலோ குறைவாக, கண்ணாடி போடாமல்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்வளவு மாடி ஏறி வந்திருக்கியே, முட்டி வலிக்கலையா?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு. நான் படி ஏறிப் பல வருஷம் ஆச்சு."

நடந்ததையெல்லாம் நான் மளமளவென்று சொல்லி முடித்தேன். அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள், மூன்று நாளாக ஏன் சொல்லவில்லை என்ற முறைப்பு அது. சுவரில் கீறல் சாக்பீஸ் கோடுகளை ஒவ்வொன்றாக விட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"கால் மணி நேரத்துல மூடிடும்" என்றான் மின்னல். "மோட்டாரை ஓட விடுங்க, நாங்க போயிடறோம்."

"முடியாது" என்றாள் அக்கா. "இன்னொரு பூட்டு இருக்கு. ஆள் கீழே லிஃப்ட் குழியில இருக்கான்."

வந்தவள் அப்போதுதான் நீலப் பூட்டைப் பார்த்தாள். "யாரு?"

"தம்பி."

"எந்தத் தம்பி?"

"எனக்கு எத்தனை தம்பி இருக்கான்? ஒருத்தன்தான், அவனையே சமாளிக்க முடியல."

வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒருத்தனும் இல்ல" என்றாள்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கயிறு இறங்கும் துவாரத்தில் வாயை வைத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டால் அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. குழிக்குள் போனில் சிக்னலும் கிடைக்காது.

"அவர் வெளியே வந்துட்டாருங்க" என்றான் மின்னல். "நான் மேல ஏறும்போது பார்த்தேன். கேட்டுப் பக்கம் சிகரெட் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "நீங்க இங்கயே இருங்கண்ணே, நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். போகும் முன் வாசலில் நின்று, வந்தவளிடம் மட்டும் ஒன்று சொன்னாள். "பூட்டைப் பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

அவள் இறங்கி ஏற அரை மணி நேரமாவது ஆகும். கீறல் அதுவரை தாங்காது.

காலடிச் சத்தம் அடங்கியதும் மின்னல் வந்தவளின் பக்கம் திரும்பினான். "சாவி உன் கழுத்துல இருக்கே." அவள் சட்டைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்தாள். அதில் இரண்டு சாவிகள் தொங்கின. ஒன்று பித்தளைப் பூட்டுடையது. இன்னொன்றின் தலையில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. இங்கே அக்கா வீசி எறிந்த சாவி, அங்கே இவள் கழுத்தில் பத்தொன்பது வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"அங்க எனக்குன்னு ஒரு வீடு இருக்கு. வானத்தை அண்ணாந்து பார்த்துக்கிட்டிருக்கிற ஜனம் இருக்கு" என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல். "இங்க நான் ரெண்டாவது ஆளு." பிறகு கயிற்றைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். "என் கையால இன்னொரு தடவை அதைத் திறக்க மாட்டேன். அன்னைக்கு என் தம்பி வெளிய வந்துட்டுத் திரும்ப உள்ள போனான், அது யாரோட தப்பும் இல்ல. இன்னைக்கு இவன் வெளிய நிக்கிறதா நீ சொல்ற. நீ சொன்னா நம்பறேன். நீயே திற." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பித்தளைப் பூட்டு ஒரே திருப்பில் திறந்துகொண்டது. அவன் நீலச் சாவியை எடுத்தான்.

தம்பி சிகரெட்டை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அது மட்டுமல்ல. மின்னல் சொன்னது என்னுடைய வாக்கியம். பத்தொன்பது வருடத்துக்கு முன் இதே அறையில் நான் சொன்னது, ஒரு வார்த்தை மாறவில்லை. கேட்டுப் பக்கம் சிகரெட் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

நான் போய் நீலப் பூட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"கையை எடு" என்றான்.

"அம்மா, கொஞ்சம் கேளுங்க" என்றேன், அவன் முகத்தைப் பார்க்காமல். "இங்கயும் அப்படி ஒரு நாள் வந்துச்சு. லிஃப்ட் நின்னு ரெண்டு மணி நேரம். நாலாவது மாடிக்காரர் என்னை நாய் மாதிரி திட்டிக்கிட்டிருந்தாரு. தம்பி எங்கன்னு அக்கா கேட்டா. கீழ போய்ப் பார்க்க எனக்குச் சோம்பல். கேட்டுப் பக்கம் சிகரெட் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாருன்னு சொல்லிட்டேன். நான் பார்க்கவே இல்லைங்க. அக்கா நம்பாம படி இறங்கிப் போனா. அவன் லிஃப்ட்டுக்கு அடியில மல்லாந்து படுத்து வேலை பார்த்துக்கிட்டிருந்தான்."

கீறல் கதவின் சந்து அளவுக்கு வந்துவிட்டது.

"அக்கா திரும்பி வந்து, 'அண்ணே, அவன் உள்ளதான் இருக்கான்'னு மட்டும் சொன்னா. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அந்த நாள்வரைக்கும் எங்க கதையும் உங்க கதையும் ஒண்ணுன்னு இவன்தான் சொன்னான். அப்போ நானும் இவனும் ஒருத்தன். நான் பார்க்கலைன்னா, இவனும் பார்த்திருக்க மாட்டான்."

வந்தவள் திரும்பினாள். அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. "அவன் வெளிய வந்துட்டுத்தானே உள்ள போனான்?" என்று மின்னலிடம் கேட்டாள்.

அவன் சாவியைப் பிடித்தபடி நின்றான்.

"நீ பார்த்தியா, இல்லையா?"

"பார்க்கல."

"இப்போ?"

"இப்பவும் பார்க்கல." சாவி அவன் கையிலிருந்து கீழே விழுந்தது. "வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவன் பக்கத்தில்கூட வராமல், பூட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துக்கொண்டாள். கீறல் கோடாகி, நூலாகி, வெறும் சுவரானது. அதை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. மாடிப்படியில் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெகு நேரம் கழித்து இரண்டு ஜோடிக் காலடிகள் கேட்டன. முதலில் அக்கா, பின்னால் தம்பி. உடம்பெல்லாம் எண்ணெய், கழுத்தில் பாட்டு மிஷின். நாற்பது வயதில் தலை பாதி வழுக்கை. வந்தவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளுடைய தம்பி இருபத்தோரு வயதோடு நின்றுவிட்டவன்.

தம்பி இரண்டு அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒருத்திகிட்ட திட்டு வாங்கறது பத்தலைன்னு இன்னொருத்தியா?" என்றான்.

அக்கா கொக்கியைப் பார்த்தாள். "என் பூட்டைத் திறந்தது யாரு?"

"நான்தான்" என்றாள் வந்தவள்.

அக்கா நீலப் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது பூட்டியே இருந்தது. "நீதானா? அப்போ சரி" என்றாள்.

வந்தவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதேதோ சொல்ல வாயெடுத்தாள், கடைசியில் வந்தது ஒன்றுதான். "சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா" என்றான் அவன், எப்போதும் சொல்வதுபோல. பிறகு தன் சாவியை எடுத்துத் தன் பூட்டைத் திறந்தான். அவள் வாய்விட்டு அழுதாள். நானும்தான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அதன் பிறகு மோட்டார் எத்தனையோ முறை ஓடிவிட்டது. சுவர் சுவராகவே இருக்கிறது. வந்தவள் இப்போது அக்காவோடு வேலைக்குப் போகிறாள், கொக்கியில் மூன்று பூட்டு தொங்குகிறது. தன்னுடையதைப் புதிதாக வாங்கி, மாற்றுச் சாவியை மொட்டை மாடியிலிருந்து வீசிவிட்டாள். மின்னல் இன்னொரு ஷிப்ட் வாட்ச்மேன். லிஃப்ட் வேலை நடக்கும் நாளில், அவன் ஷிப்ட் இல்லாவிட்டாலும் வந்து, மோட்டார் ரூமிலிருந்து பன்னிரண்டு மாடி இறங்கிக் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப ஏறி வந்து, தம்பி எங்கே இருக்கிறான் என்று சொல்வான். வந்தவள் அவன் பக்கம் திரும்பவே மாட்டாள்.

போன வாரம் முதல் தடவையாக, "பார்த்தியா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன். வெளிய வந்து கை கழுவிக்கிட்டிருக்கான்."

அவள் தலையாட்டினாள். தம்பி ஏறி வந்து தன் பூட்டைத் திறக்கும்வரை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.